சாலையோரக் கலைக்கூடம் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையோரமாக ஒரு வீடு. வேலிக்குப் பின்னால் ஆளுயர சிமென்ட் மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் உடம்பெல்லாம் பாட்டில் சில்லு, உடைந்த பீங்கான், கடற்சிப்பி. கட்டியவர் எந்தக் கலைப்பள்ளிக்கும் போனதில்லை. பிழைப்புக்கான வேலை போக மிச்சமிருந்த வாழ்நாள் முழுவதையும் அந்த ஒரே இடத்தில் செலவழித்தவர். உலகின் பல நாடுகளில் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. சில முறையான அருங்காட்சியகங்களாகிவிட்டன, சில இன்னும் வீட்டுத் தோட்டங்களாகவே இருக்கின்றன. இவற்றைத் தேடிப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தெந்த இடங்களை மனத்தில் வைத்துச் சொல்கிறீர்கள்?

முதலில் பிரான்சின் தென்கிழக்கில் ஓத்ரீவ் என்ற கிராமம். அங்கே ஃபெர்டினான் செவால் என்றொரு தபால்காரர் இருந்தார். 1879-ல், தபால் கொடுக்க நடந்துபோன வழியில் ஒரு கல் அவர் காலை இடறியது. அதன் விசித்திரமான வடிவம் பிடித்துப்போக, எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் அதே இடத்துக்குப் போய் இன்னும் அழகான கற்களைக் கண்டார். அன்று தொடங்கிய வேலை 33 ஆண்டுகள் நடந்து 1912-ல் முடிந்தது. சுமார் 26 மீட்டர் நீளமுள்ள அந்த மாளிகையின் சுவரில், தான் உழைத்த கணக்கை அவரே பொறித்து வைத்திருக்கிறார்: 10,000 நாட்கள், 93,000 மணி நேரம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்ற கட்டுமானத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனி ஆளாகக் கோபுரங்களை எழுப்பினார். மொத்தம் 17 அமைப்புகள். மிக உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது, சாரம் கட்டவும் இல்லை. இரும்புக் கம்பிகளை வளைத்துக் கம்பி வலையால் சுற்றி, மேலே சாந்து பூசி, காய்வதற்குள் ஓட்டுச் சில்லு, சிப்பி, கண்ணாடி ஆகியவற்றைப் பதித்துக்கொண்டே மேலே ஏறினார். ஜன்னல் துடைப்பவர்கள் கட்டும் இடுப்புப் பட்டைதான் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

நம் நாட்டில் சண்டிகர் ராக் கார்டன். பிரிவினையின்போது இந்தப் பக்கம் வந்த நேக் சந்த், சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். புதிய நகரம் எழுவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. இடிபாடுகளிலிருந்து பீங்கான், வளையல் துண்டு, சைக்கிள் பாகம் என்று சேகரித்து, 1957 வாக்கில் சுக்னா ஏரிக்கு அருகே காட்டுக்குள் ரகசியமாக வேலையைத் தொடங்கினார். அது கட்டடமே கட்டக்கூடாத அரசு நிலம். இரவில் பழைய டயர்களை எரித்து, அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார். 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சுமார் 12 ஏக்கருக்குத் தோட்டம் பரவியிருந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் 1976-ல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்துடன் பொறுப்பும் உதவிக்குத் தொழிலாளர்களும் கொடுக்கப்பட்டார்கள். 1984-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில் இருக்கும் ராக் கார்டனும் அவர் உருவாக்கியதுதான்.

தென்னாப்பிரிக்காவின் நியூ பெத்தெஸ்தா கிராமத்தில் ஹெலன் மார்ட்டின்ஸ் உருவாக்கிய ஆந்தை வீடு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்து ஓய்வுபெற்ற ஃபிரெட் ஸ்மித் நெடுஞ்சாலையை ஒட்டி நிறுத்திய 200-க்கும் மேற்பட்ட சிமென்ட் சிலைகள் ஆகியவற்றையும் இந்த வரிசையில் வைப்பேன்.

இவற்றை நாட்டுப்புறக் கலை என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. நாட்டுப்புறக் கலைஞருக்குப் பின்னால் ஒரு சமூகம் நிற்கும். தாத்தா செய்த உருவத்தைப் பேரன் செய்வான், ஊருக்கும் அதன் பொருள் தெரியும். செவாலுக்கும் ரோடியாவுக்கும் அப்படி யாரும் இல்லை. அவர்களுடைய கனவை அவர்கள் மட்டுமே கண்டார்கள். ஆனால் அவர்கள் கைத்தொழில் எளிய மக்களுடையது, கருவி கொத்தனாருடையது, பொருள் குப்பைமேட்டில் கிடைத்தது. அதனால் இந்தச் சொல் முழுதாகப் பொருந்தாவிட்டாலும் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

கட்டியவர்கள் மனநிலை சரியில்லாதவர்களா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வியும் இதுதான்.

ரோடியாவின் கோபுரங்களை இடிக்க நகர நிர்வாகம் உத்தரவிட்டது. ஆபத்தான கட்டுமானம் என்பது அவர்கள் வாதம். காப்பாற்ற முன்வந்தவர்கள் சோதனை செய்து பார்க்கலாம் என்றார்கள். 1959 அக்டோபரில் கோபுரத்தில் கம்பி வடம் கட்டி 10,000 பவுண்டு விசையில் இழுத்தார்கள். இழுத்த கருவிதான் வளைந்துகொடுத்தது, கோபுரம் அசையவில்லை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு மனிதர், கணக்குப் போட்ட வரைபடம் ஒன்றுகூட இல்லாமல், முப்பதாண்டு அனுபவத்தில் கையால் உணர்ந்து கட்டியது அது. 1990-ல் அதே கோபுரங்கள் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இத்தனை ஆண்டுகள் ஒரே வேலையில் ஒழுங்கு தவறாமல் நின்றவரின் மனம் எவ்வளவு உறுதியானதாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இவர்களில் சிலருக்குத் துயரமும் தனிமையும் இருந்தது உண்மை. ஹெலன் மார்ட்டின்ஸின் வாழ்க்கை அப்படிப்பட்டது. சுவர்களில் பதிக்கக் கண்ணாடியைப் பொடித்துப் பொடித்து அவர் கண்பார்வையே கெட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் நின்று, விளக்கு வெளிச்சம் சுவர்களில் தெறிப்பதைப் பார்ப்பவர்களுக்கு, எந்த விளைவை அவர் தேடினார் என்பது புரியும். அதை எப்படி வரவழைப்பது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சரி, ஏன்தான் கட்டினார்கள்?

ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவில் ட்ரெஸ்ஸா பிரிஸ்பிரீ என்ற மூதாட்டியிடம் 17,000 பென்சில்கள் இருந்தன. அவற்றை வைக்க ஓர் அறை வேண்டியிருந்தது. செங்கல் வாங்கக் காசில்லை, குப்பைமேட்டில் பாட்டில்கள் கிடந்தன. 1956-ல் அறுபது வயதில் தொடங்கியவர், ஓர் அறையோடு நிற்காமல் ஒரு பாட்டில் கிராமத்தையே கட்டி முடித்தார். ஜார்ஜியா மாநிலத்தில் மதபோதகராக இருந்த ஹோவர்ட் ஃபின்ஸ்டர், 1976-ல் சைக்கிளுக்கு வண்ணம் பூசும்போது தன் விரல்நுனியில் ஒரு முகத்தைக் கண்டதாகவும், புனிதச் சித்திரம் வரையும்படி தனக்குக் கட்டளை வந்ததாகவும் சொன்னார். அதன் பிறகு எண் இட்டு வரைந்த படைப்புகள் 46,000-க்கும் மேல். ஹூஸ்டனில் ஜெஃப் மெக்கிசாக் என்ற தபால் ஊழியர், ஆரஞ்சுப் பழத்தின் பெருமையைச் சொல்வதற்கென்றே இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஒரு காட்சிக்கூடம் கட்டினார்.

இந்தக் காரணங்களைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. எனக்கோ, காரணம் சிறியதாக இருக்க இருக்க அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது.

எப்போது திறந்திருக்கும்?

போகும் முன் கட்டாயம் விசாரியுங்கள். சண்டிகர், ஓத்ரீவ் போன்ற பெரிய இடங்களுக்கு ஒழுங்கான நேரமும் டிக்கெட்டும் உண்டு. சிறிய இடங்களை ஓரிரு தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று பூட்டுதான். கடுங்குளிர் நாடுகளில் பருவத்துக்கு மூடிவிடுவதும், பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் வேலி போட்டுவிடுவதும் வழக்கம்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? எப்படிப் பார்ப்பது?

அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்து, "குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறார்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மையில் குப்பையைத்தான். இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் எதையும் ஆராய வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். நடந்து முடித்துவிடுங்கள். பிறகு அங்கே இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: "இதில் முதலில் கட்டியது எது?" அங்கிருந்து இரண்டாவது சுற்றைத் தொடங்குங்கள். செவால் கிழக்குப் பக்கச் சுவரில்தான் ஆரம்பித்தார். அந்த ஒரு முகப்புக்கு மட்டும் இருபது ஆண்டுகள் ஆயின. தொடங்கிய இடத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், கைக்குத் தொழில் படிவதை நீங்களே காணலாம். தொடக்க கால வேலையில் சாந்து தடிமனாக இருக்கும், சில்லுகள் தயங்கித் தயங்கி இருக்கும். போகப் போகத் துணிச்சல் வரும். கடைசிக் காலத்தில் சில இடங்களில் கை தளர்ந்திருப்பதும் தெரியும். ஒரு மனித வாழ்க்கையை இப்படித் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் நடந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக, ஒரே ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன் நில்லுங்கள். ஒவ்வொரு துண்டும் முன்பு என்னவாக இருந்தது என்று பாருங்கள். கோப்பையின் கைப்பிடி, சைக்கிள் இருக்கை, உடைந்த ஸ்விட்ச், யாரோ அணிந்த வளையல். ராக் கார்டனின் வளையல் சிலைகளுக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். இடிந்துபோன கிராமங்களின் வீடுகள் அந்தத் தோட்டத்துக்குள் இருக்கின்றன என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை என்பது விளங்கும்.

எழுத்துகள் இருந்தால் விடாமல் படியுங்கள். மொழி தெரியாவிட்டால் யாரிடமாவது கேளுங்கள். இத்தகையவர்களில் பலர் சுவரிலேயே தங்கள் மனத்தைத் திறந்து எழுதி வைத்திருக்கிறார்கள். செவாலின் மாளிகையில் அவருடைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கென்றே ஒரு மாடம் உண்டு. கல் சுமந்த வண்டிக்கு அரசனுக்குரிய இடம் கொடுத்தவர் அவர்.

எந்த நேரத்து வெளிச்சம் நல்லது?

காலை அல்லது மாலை. கண்ணாடியும் மெருகிட்ட ஓட்டுச் சில்லும் சாய்ந்த வெயிலில்தான் உயிர்பெறும். உச்சி வெயிலில் எல்லாம் வெளிறித் தெரியும். மழை ஓய்ந்தவுடன் நிறங்கள் ஆழமாக இருக்கும், ஆனால் தரை வழுக்கும்.

சிலைகளைத் தொடலாமா?

வேண்டாம். இதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் "வெறும் சிமென்ட்தானே" என்று பலர் நினைக்கிறார்கள்.

இந்த உருவங்களுக்குள் இரும்புக் கம்பியோ கம்பி வலையோ இருக்கிறது. பூச்சில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலே தண்ணீர் உள்ளே இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பழைய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் உள்ளிருந்தே பூச்சைப் பிளக்கும். முதலில் ஒரு சில்லு விழும், அந்தப் பள்ளத்தில் இன்னும் தண்ணீர் தேங்கும். குளிர் நாடுகளில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிவடையும்போது சேதம் இன்னும் வேகமாகும். கட்டியவர்கள் கைக்குக் கிடைத்த மணலைத்தான் கலந்தார்கள், சில இடங்களில் கடற்கரை மணலும் சிப்பியும் சேர்ந்திருக்கும். உப்பு துருவுக்கு உரம். இந்த நிலையில் நிற்கும் ஒரு கையைப் பிடித்துத் தொங்கினாலோ, மடியில் உட்கார்ந்து படம் எடுத்தாலோ, வெளியே தெரியாத விரிசல் பெரிதாகும்.

கலிஃபோர்னியப் பாலைவனத்தில் லெனார்ட் நைட் எழுப்பிய ரட்சிப்பு மலை களிமண்ணாலும் வைக்கோலாலும் ஆனது, மேலே பெயின்ட் பூச்சு. முதலில் சிமென்டும் மணலும் கலந்து அவர் கட்டிய மலை 1989-ல் சரிந்து விழுந்தது. அவர் மனம் தளராமல் களிமண்ணில் மறுபடி தொடங்கினார். அங்கே பெயின்ட் பூசிய பாதையை விட்டு விலகி ஏறினால் மலையே உதிரும்.

கீழே விழுந்து கிடக்கும் சில்லை நினைவாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எந்த இடத்தில் கிடந்தது என்று படம் எடுத்து, அங்கே இருப்பவரிடம் காட்டுங்கள். விழுந்த துண்டு கையில் இருந்தால்தான் திரும்பப் பதிக்க முடியும்.

குழந்தைகள், முதியவர்களோடு போகலாமா?

குழந்தைகளுக்கு இதைவிட நல்ல கலைக்கூடம் கிடையாது. உடைந்த தட்டு மயிலாகலாம் என்பதைப் பார்த்த குழந்தை வீட்டில் எதையும் எளிதில் தூக்கி எறியவிடாது. ஆனால் உடைந்த கண்ணாடி விளிம்புகள் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு போடுங்கள்.

முதியவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. ஒருவர் தன் உடம்பின் அளவுக்குக் கட்டிய இடங்கள் இவை. படிகள் குறுகலாக, ஒன்றுக்கொன்று உயரம் மாறி இருக்கும். ராக் கார்டனில் பல வாசல்களைக் குனிந்துதான் கடக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் எதுவரை போக முடியும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டியவர் உயிரோடு இருக்கிறார். அவரிடம் பேசலாமா?

பேசுங்கள், அதற்காகவே ஒரு முறை போகலாம். சாலையோரமாகக் கட்டியவர்கள் பலரும் போகிற வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்பியே கட்டினார்கள். பிரிஸ்பிரீ பாட்டி வந்தவர்களுக்கெல்லாம் தாமே சுற்றிக் காட்டினார்.

"ஏன் இதைச் செய்தீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனையோ பேர் அந்தக் கேள்வியைக் கேட்டு அவர் களைத்திருப்பார், அதில் ஒரு சந்தேகமும் ஒளிந்திருக்கிறது. "இந்த வளைவை எப்படி நிறுத்தினீர்கள்?", "இந்த நீலக் கண்ணாடி எங்கே கிடைத்தது?" என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் மலர்ந்துவிடுவார்கள். ஏன் என்பதற்கும் பதில் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் கதவைத் தட்ட வேண்டாம்.

அவர் ஏதேனும் விற்றால், சொன்ன விலையைக் கொடுங்கள். இங்கே பேரம் பேசுவது அழகில்லை.

கட்டியவர் இறந்த பிறகு இந்த இடங்கள் என்ன ஆகின்றன?

பெரும்பாலும் அழிந்துபோகின்றன. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

படைத்தவரே தினமும் சுற்றிவந்து ஒட்டியும் பூசியும் காப்பாற்றிய இடம் அது. அவர் படுத்த மறுநாளிலிருந்து ஒட்டும் கை இல்லை. வாரிசுகளுக்கு நிலத்தின் விலைதான் கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்து வீட்டாருக்கு அது பல காலத்துத் தொந்தரவு. ஃபிரெட் ஸ்மித் 1976-ல் இறந்தார். அடுத்த ஆண்டே வீசிய புயலில் சிலைகளில் பெரும்பகுதி சேதமடைந்தது. இத்தகைய கலை இடங்களைப் பாதுகாக்கும் கோலர் அறக்கட்டளை பொறுப்பெடுத்துப் பழுதுபார்த்ததால்தான் இன்று அவற்றைப் பார்க்க முடிகிறது. பிரிஸ்பிரீயின் பாட்டில் கிராமத்தை 1994 நிலநடுக்கம் கடுமையாகச் சிதைத்தது. ஃபின்ஸ்டர் 2001-ல் காலமானபின் அவர் உருவாக்கியிருந்த கலைத் தோட்டம் புதர் மண்டிக் கிடந்தது. 2012-ல் உள்ளாட்சி நிர்வாகம் வாங்கிய பிறகே மீண்டது. மெக்கிசாக் 1979-ல் தன் காட்சிக்கூடத்தைத் திறந்தார், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் இறந்துபோனார். ஊரில் சிலர் சேர்ந்து அறக்கட்டளை அமைத்து அதைக் காப்பாற்றினார்கள். இன்று அதே இடத்தைத் தேடி மக்கள் வருகிறார்கள்.

அரசே ஏற்றுக்கொண்டாலும் நிம்மதி இல்லை. ராக் கார்டனின் ஒரு பகுதியில் சாலை போட புல்டோசர்கள் வந்தபோது மக்கள் கைகோத்து நின்று தடுத்தார்கள். 2015-ல் நேக் சந்த் மறைந்தார். 2025-ல், பக்கத்திலுள்ள உயர் நீதிமன்றத்துக்கான சாலைப் பணிக்காக அதன் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

இந்த இடங்களில் பார்க்க வேண்டும் என்று நினைப்பது ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பணம் கொடுக்க வேண்டுமா? பொருளாகக் கொடுக்கலாமா?

டிக்கெட் இல்லாத இடத்தில் உண்டியல் இருக்கும். அதில் தாராளமாகப் போடுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள், ஏனென்றால் மானியம் கேட்டு விண்ணப்பிக்கும்போது எத்தனை பேர் எங்கிருந்தெல்லாம் வந்தார்கள் என்று காட்ட அதுவே சான்று. பொருளாகக் கொடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். ரட்சிப்பு மலைக்கு வருகிறவர்கள் பெயின்ட் டப்பா கொண்டுவருவது நீண்ட காலப் பழக்கம். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. உங்கள் வீட்டு உடைந்த பாத்திரங்களைக் கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிட்டால், அப்புறப்படுத்தும் வேலை அங்கே இருப்பவர்கள் தலையில் விழும்.

படம் எடுத்து இணையத்தில் போடலாமா?

அனுமதி இருந்தால் தாராளமாக. கட்டியவரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். "யாரோ ஒரு கிழவர் செய்தது" என்று போடுவது அந்த உழைப்பை அவமதிப்பது. யாரேனும் குடியிருக்கும் வீடு என்றால், முகவரியை வெளியிடும் முன் அவர்களைக் கேளுங்கள்.

பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் நீங்களோ உங்கள் பெற்றோரோ அங்கே எடுத்த படங்கள் இருந்தால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு சிலையின் மூக்கு எப்படி இருந்தது, எந்த நிறச் சில்லு எங்கே இருந்தது என்பதற்குப் பழுதுபார்ப்பவர்களிடம் பெரும்பாலும் வேறு ஆதாரம் இருக்காது. பிரதி எடுத்து அனுப்பிவையுங்கள்.

யாருக்கும் தெரியாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். என்ன செய்வது?

முதலில் கட்டியவரிடமோ குடும்பத்திடமோ அனுமதி கேளுங்கள். பிறகு முழுதாகப் படம் எடுங்கள். நான்கு பக்கமும் தூரத்திலிருந்து, பிறகு ஒவ்வோர் உருவமாக, பிறகு நுணுக்கங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள்: எந்த ஆண்டு தொடங்கினார், கலவை என்ன விகிதம், உள்ளே கம்பி இருக்கிறதா, பெயின்ட் எது. பின்னாளில் பழுதுபார்க்க வருகிறவருக்கு வாழ்க்கைக் கதையைவிட அந்தக் கலவைக் கணக்கு அதிகம் உதவும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது, தனக்குப் பின் இது என்ன ஆக வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்பதையும் தயங்காமல் பேசுங்கள். ஹெலன் மார்ட்டின்ஸ் தன் வீடு அருங்காட்சியகமாக வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பத்தை நிறைவேற்ற ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவரோடு சிலைகள் செய்த கூஸ் மால்காஸ் பிறகு திரும்பி வந்து அவற்றைப் பழுதுபார்த்தார். ரோடியாவோ 1955-ல் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். கோபுரங்கள் பிழைத்தது பிறர் முயற்சியால்.

இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளூர் நூலகம், அருங்காட்சியகம், கல்லூரியின் கலை அல்லது கட்டடக்கலைத் துறை என ஏதாவது ஓரிடத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். இன்னொரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுங்கள்.